ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இரண்டாவது கியர் கரகரப்பு: எந்த கியர் ஆயில் ஊற்றுவது?

தக்கலை ஹெரால்டு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பாட்டா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. நான்கு கதவு மார்க் 3, 948 சிசி, மெட்ராஸில் செய்த வண்டி. தகர வேலை, பெயின்ட், வயரிங் எல்லாம் முடிந்து இப்போது ஓட்டத்தில் இருக்கிறது. கியர்தான் படுத்துகிறது.

காலையில் எடுத்ததும் லீவர் இறுகி நிற்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளித்தான் போட வேண்டும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானால் இறுக்கம் விடுகிறது. ஆனால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரக்கென்று பல் சத்தம் வருகிறது. ஊருக்குள் எப்படியோ சமாளித்துவிடலாம். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை பக்கம் போனால் வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர் தேவைப்படுகிறது, ஒவ்வொரு தடவையும் மனசு பதறுகிறது.

முன்பு வேலை பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று ஏதோ ஊற்றினார்கள். டப்பா என் கையில் இல்லை. கடையில் கேட்டால் 80-90 என்கிறார்கள், 140 என்கிறார்கள், சிந்தெடிக் என்கிறார்கள். எதை வாங்குவது?

கொளச்சல் அம்பாசடர்

தம்பி, ஜிஎல்-5 போட்ட 90 வாங்கிக் கியர் பாக்ஸுக்கும் பின்னால் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்கும் சேர்த்து ஊற்றுங்கள். நான் என் அம்பாசடரில் வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஒரே டப்பாவில் ரெண்டு வேலை. 4-ஐ விட 5 உசந்த ரகம்தானே.

கோட்டாறு பழைய பட்டறை

தம்பி, ஆயில் வாங்கப் போகும் முன்னால் ஒரு சோதனை. இதற்குச் செலவே இல்லை.

வண்டி நன்றாகச் சூடாகட்டும். சமதளத்தில் நிறுத்தி ஐடிலில் விடுங்கள். கிளட்சை முழுவதும் அமுக்கி அப்படியே ஐந்து விநாடி பிடியுங்கள். பிறகு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ, அதாவது பல் சேரும் முன்னே வேகத்தைச் சமமாக்குகிற அமைப்பு, கிடையாது. கிளட்ச் முழுசாக விட்டிருந்தால் அந்த ஐந்து விநாடிக்குள் உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட் நின்றுவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். பல் சத்தம் வந்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, ஷாஃப்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த ஆயில் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

ஹெரால்டுக்குக் கிளட்ச் ஹைட்ராலிக்: பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் லைனில் ஃப்ளூயிட். மாஸ்டர் சிலிண்டர் கசிவு, ஸ்லேவ் சிலிண்டர் கசிவு, லைனில் காற்று, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். நம்ம ஊர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி. ஃப்ளூயிட் தண்ணீரை இழுத்துக்கொண்டு கறுத்துவிடும், சிலிண்டர் உள்ளே துரு பிடித்து ரப்பரைத் தின்னும். கடற்கரை ஓர ஊர்களில் வைத்திருக்கும் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும். ஃப்ளூயிட் கறுப்பாக இருந்தால் முழுசாக மாற்றி ஏர் எடுங்கள். டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் மட்டும். வேறு எண்ணெய் எதையும் அதில் விடாதீர்கள், ரப்பர் ஊதிப் போகும்.

இன்னொன்று. கிராங்க் முனையில் ஒரு சின்ன வெண்கல புஷ் இருக்கிறது, கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் அதில்தான் உட்காரும். அது காய்ந்து பிடித்தாலும் கிளட்ச் சரியாக இருந்தும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பார்வதிபுரம் லூப்

லூப்ரிகன்ட் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொளச்சல் அண்ணாச்சி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கியர் ஆயில் டப்பாவில் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று எஸ்ஏஇ எண், அதாவது கெட்டித்தன்மை. மற்றது ஏபிஐ வகுப்பு, ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று வருவது. நம் கடைகளில் எண்ணை மட்டும்தான் கேட்கிறோம், வகுப்பை யாரும் பார்ப்பதில்லை. தம்பியின் வண்டியில் வகுப்புதான் முக்கியம்.

ஜிஎல் எண் தரவரிசை இல்லை. எந்த மாதிரிப் பல்லுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதைச் சொல்வது. டிஃபரன்ஷியலில் இருப்பது ஹைப்பாய்டு பல். ஒரு பல் மற்றதன் மேல் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும், அழுத்தமும் பயங்கரம். அங்கே ஆயில் படலம் கிழிந்துபோகும். அதற்காகவே கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானங்கள் போடுகிறார்கள். அவை சூட்டில் இரும்போடு வினைபுரிந்து பல்லின் மேல் ஒரு காப்புப் பூச்சை உண்டாக்கும். ஜிஎல்-5-இல் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கியர் பாக்ஸில் சிங்க்ரோ ரிங் பித்தளை வகை உலோகம். அதன் உள்பக்கம் கூம்பு வடிவில் மெல்லிய வரிகள் வெட்டியிருக்கும். நீங்கள் கியர் போடும்போது அந்த ரிங் போய்க் கியரின் கோன் மேல் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். அந்த வரிகள் ஆயில் படலத்தை வெட்டி வெளியே தள்ளினால்தான் பிடிப்பு கிடைக்கும். அதாவது இங்கே நமக்கு வேண்டியது உராய்வு. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங் பிடிக்காது. எண்ணெய்க் கையோடு பாட்டில் மூடியைத் திருகுவது போலத்தான். வேகம் சமமாகும் முன்னே பல் மோதும். தம்பி சொல்கிற 'கரக்' சத்தம் அதுதான்.

இரண்டாவது சிக்கல், கந்தகச் சேர்மானம் தாமிரம் கலந்த உலோகத்தையும் அரிக்கக்கூடியது. ஹெரால்டு கியர் பாக்ஸில் ரிங் மட்டுமில்லை, வெண்கலத் த்ரஸ்ட் வாஷரும் இருக்கிறது. ஒரே வாரத்தில் கரைந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. இந்த வினை சூடு ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும், ஹெரால்டின் சின்ன என்ஜினுக்குக் கியர் பாக்ஸ் அவ்வளவு கொதிப்பதும் இல்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் அதே ஆயிலில் ஊறினால் தேய்மானம் கூடும்.

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது 1959-இல். மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961-இல் தொடங்கியது. இந்த கியர் பாக்ஸின் மூலம் அதற்கும் முந்தைய சின்ன ஸ்டாண்டர்ட் கார்களில் இருக்கிறது. இன்றைய ஜிஎல்-5 ஆயில்களை மனதில் வைத்து அதை யாரும் வரையவில்லை.

கெட்டித்தன்மைக்கு வருவோம். 140 என்றால் 100 டிகிரி சூட்டில் 24 சென்டிஸ்டோக்ஸுக்கு (கெட்டித்தன்மையின் அலகு) மேல். 90 என்றால் 13.5 முதல் 18.5 வரை. காலையில் 25 டிகிரியில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். தம்பியின் வண்டி காலையில் இறுகிச் சூட்டில் இளகுகிறது என்றால், உள்ளே 140 இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம். கெட்டி ஆயிலை ரிங் வெட்டித் தள்ளுவதற்குள் நம் கை பொறுமை இழந்துவிடும்.

என் பரிந்துரை: 80டபிள்யூ-90, ஜிஎல்-4, மினரல் ஆயில். டப்பாவின் பின்பக்கம் 'ஜிஎல்-4' என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். ஹெரால்டுக்கு 0.85 லிட்டர் பிடிக்கும், ஒரு லிட்டர் டப்பா போதும்.

கொளச்சல் அம்பாசடர்

லூப் சார், படித்தேன். ஆனால் என் வண்டியில் இதுவரை ஒரு கேடும் வரவில்லையே. அப்புறம் சில டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுமே போட்டிருக்கிறதே, அது எப்படி?

பார்வதிபுரம் லூப்

நல்ல கேள்வி அண்ணாச்சி. உங்கள் வண்டியில் ரிங் நல்ல நிலையில் இருக்கிறது, நீங்களும் நிதானமாகக் கியர் போடுகிறவர் என்று நினைக்கிறேன். புது ரிங் எதையும் தாங்கும். தேய்ந்த ரிங்குக்குத்தான் ஆயிலின் குணம் உடனே தெரியும். தம்பியின் வண்டி அந்த நிலையில் இருக்கிறது.

இரண்டு வகுப்பும் போட்டிருந்தால், அடிப்படையில் அது ஜிஎல்-5 அளவு சேர்மானம் உள்ள ஆயில், ஜிஎல்-4-க்கான பாதுகாப்பையும் தரும் என்கிறார்கள். பல்லின் பாதுகாப்பைப் பொறுத்தவரை அது உண்மை. ரிங்குக்கு வேண்டிய உராய்வை அது உறுதி செய்யாது. பித்தளையை அரிக்காத சேர்மானம் போட்ட ஜிஎல்-5-களும் சந்தையில் இருக்கின்றன, அவை அரிப்பைத்தான் தீர்க்கும், வழுக்கலை இல்லை. அதனால்தான் தனி ஜிஎல்-4 என்கிறேன்.

டிஃபரன்ஷியலுக்கு நீங்கள் ஊற்றுகிற ஜிஎல்-5 மிகச் சரியான தேர்வு, அதை மாற்ற வேண்டாம்.

குழித்துறை பத்மினி

நான் பத்மினிக்காரன். என் அனுபவத்தில் பாதிக் குறை கியர் பாக்ஸுக்கு வெளியில்தான் இருந்தது. பத்மினியில் லீவர் ஸ்டியரிங் பக்கம், அங்கிருந்து கம்பி கம்பியாக இணைப்பு. ஒவ்வொரு புஷ்ஷும் கொஞ்சம் தேய்ந்தால் கடைசியில் லீவர் எங்கே போகிறது என்றே தெரியாது. ஹெரால்டுக்குத் தரையில் லீவர் என்றாலும் நடுவில் ஒரு நீட்டிப்பு இருக்கிறது, அதிலும் புஷ் இருக்கிறது. நியூட்ரலில் லீவரை ஆட்டிப் பாருங்கள், கஞ்சி கிண்டுகிற மாதிரி சுற்றினால் முதலில் அந்த புஷ்களை மாற்றுங்கள். இறுக்கம் அதனால் வராது, ஆனால் கியர் பாதியில் நின்று பல் மோத அது ஒரு காரணம்.

இன்னொரு யோசனை: சிலர் 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றுகிறார்கள். 50 என்றதும் 90-ஐ விட இளசு என்று நினைக்கிறார்கள். சரியா சார்?

பார்வதிபுரம் லூப்

என்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எண் அளவுகோல் வேறு. என்ஜின் ஆயில் 50 என்பது 100 டிகிரியில் 16.3 முதல் 21.9 வரை. கியர் ஆயில் 90 என்பது 13.5 முதல் 18.5 வரை. ஆகவே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டி.

என்ஜின் ஆயில் ஊற்றச் சொன்ன பழைய வண்டிகள் உண்டு. மோரிஸ் மைனருக்குக் கையேடே என்ஜின் ஆயில்தான் சொல்கிறது. எம்ஜிபி-க்கும் 20டபிள்யூ-50 தான். என்ஜின் ஆயிலில் ரிங் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஹெரால்டுக்குக் கியர் ஆயிலைச் சொல்லியிருக்கிறார்கள், அதை மீறக் காரணம் இல்லை. எந்த வண்டியாக இருந்தாலும் அதன் கையேடு சொல்வதுதான் முதல் வார்த்தை, நான் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.

மார்த்தாண்டம் மாணவன்

பாலிடெக்னிக் படிக்கிறேன். அப்படியென்றால் இன்னும் இளசாக ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில், ஊற்றினால் கியர் வெண்ணெய் மாதிரி விழுமே? 75டபிள்யூ-90 சிந்தெடிக் எப்படி? கடையில் கியர் இலகுவாக்கும் மருந்து என்று ஒரு சின்ன பாட்டிலும் விற்கிறார்கள்.

பார்வதிபுரம் லூப்

ஏடிஎஃப் வேண்டாம். 100 டிகிரியில் 7 சென்டிஸ்டோக்ஸ் அளவில்தான் நிற்கும். அதற்கென்றே வடிவமைத்த கியர் பாக்ஸ்கள் இருக்கின்றன, ஹெரால்டு அதில் சேராது. பல்லுக்குப் படலம் போதாது, பழைய சீல் வழியாகக் கசியவும் செய்யும்.

75டபிள்யூ என்பதில் 75 குளிருக்கான எண். அதைச் சோதிக்கும் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி. 80டபிள்யூ-வுக்கு மைனஸ் 26. 85டபிள்யூ-வுக்கு மைனஸ் 12. மார்கழி விடியலில்கூட நாகர்கோவிலில் அந்தப் பேச்சே இல்லை. சிந்தெடிக்கின் உண்மையான லாபம் வேறு: காலையில் அவ்வளவு கெட்டியாக இருக்காது, சூட்டில் அவ்வளவு நீர்த்தும் போகாது. ஜிஎல்-4 வகுப்பில் 75டபிள்யூ-90 கிடைத்தால் தாராளமாக ஊற்றலாம். பிரச்சினை என்னவென்றால் நம் கடைகளில் கிடைக்கிற 75டபிள்யூ-90 பெரும்பாலும் ஜிஎல்-5. விலை கூட என்பதற்காக அதை வாங்கினால் காசும் போய்க் கரகரப்பும் கூடும்.

கோட்டாறு பழைய பட்டறை

அந்தச் சின்ன பாட்டிலைத் தொடாதே மக்கா. வழுக்க வைக்கிற சரக்கு, அதாவது மாலிப்டினம் மாதிரி ஏதாவது கலந்தது, சிங்க்ரோ ரிங்குக்கு எதிரி. சத்தம் குறையும் என்று கிரீஸைக் கலந்து விற்கிற வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். பல் சுற்றும்போது கிரீஸ் ஓரமாக ஒதுங்கி நிற்கும், திரும்பி ஓடி வராது. கியர் பாக்ஸின் துணை ஷாஃப்டான லே ஷாஃப்டின் ஊசி பேரிங் காய்ந்து போகும். வாங்கினவன் ரெண்டு மாசத்தில் என்னிடம் வந்து நிற்பான்.

தக்கலை ஹெரால்டு

எல்லோருக்கும் நன்றி. கோட்டாறு அண்ணாச்சி சொன்ன சோதனையைச் செய்தேன். ரிவர்ஸ் போடும்போது சத்தம் வந்தது. ரிசர்வாயர் மூடியைத் திறந்தால் ஃப்ளூயிட் டீக்கடை டிகாஷன் நிறம். ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் உறையைத் தூக்கினால் உள்ளே ஈரம். ரிப்பேர் கிட் போட்டு, டாட் 4 ஊற்றி ஏர் எடுத்தாயிற்று. இப்போது ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கும் கொஞ்சம் பரவாயில்லை. காலை இறுக்கமும் மூன்று இரண்டு கரகரப்பும் அப்படியே இருக்கின்றன.

இந்த வாரக் கடைசியில் ஆயிலை இறக்கலாம் என்று இருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

கோட்டாறு பழைய பட்டறை

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சூட்டோடு இறக்கு, அப்போதுதான் அடியில் படிந்ததும் சேர்ந்து வரும். சமதளத்தில் நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே.

முதலில் பக்கவாட்டில் இருக்கிற ஃபில்லர் பிளக்கைத் திற. அது திறக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கீழே டிரெயின் பிளக்கில் கை வைக்க வேண்டும். ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு மேல் பிளக் வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக் பிடித்திருந்தால் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு வை, சரியான சாவி இல்லாமல் ஸ்பேனரை வைத்துத் திருகி மூலையை மழுங்கடித்துவிடாதே.

இறங்குகிற ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் பார். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று நமக்கு ரெண்டு மழைக்காலம், ஓடைத் தண்ணீரில் வண்டியை இறக்கினால் இது நடக்கும். தங்க நிறத்தில் மினுமினு என்று தூள் இருந்தால் ரிங். வெள்ளைச் செதில் இருந்தால் காந்தத்தைக் காட்டு: ஒட்டினால் பல்லோ பேரிங்கோ. நெல் உமி அளவுக்குத் துண்டு வந்தால் வண்டியை ஓட்டாதே, உடனே சொல்லு.

புது ஆயிலைப் பக்கத்து ஓட்டையில் வழிகிற வரைக்கும் விட்டு, சொட்டு நின்றதும் மூடு. அதற்கு மேல் திணித்தால் சீல் வழியாகக் கிளட்சில் போய் விழும். பிளக்கை அளவோடு இறுக்கு.

பழைய ஆயிலை ஓடையிலோ குளத்துக்கரையிலோ கொட்டிவிடாதே. டப்பாவில் பிடித்துப் பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடு. நம்ம குளத்துத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது.

தக்கலை ஹெரால்டு

செய்து முடித்தேன். இறங்கிய ஆயில் தேன் பாகு மாதிரி, 140 என்று சார் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். அழுகின மணம் மூக்கைத் துளைத்தது. தண்ணீர் கலப்பு இல்லை. தங்க நிறத் தூள் இருந்தது, கொஞ்சம் நிறையவே. காந்தத்தில் கறுப்புப் பசை மட்டும் ஒட்டியது, துண்டு எதுவும் இல்லை.

ஜிஎல்-4 80டபிள்யூ-90 நாகர்கோவிலில் முதல் கடையில் கிடைக்கவில்லை, இன்னொரு கடையில் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்கினேன். ஊற்றிய மறுநாள் காலை முதல் கியரிலிருந்து இரண்டுக்கு ஒரே விரலில் விழுகிறது. இறுக்கம் போயேபோய்விட்டது. ஆரல்வாய்மொழி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன், மேலே ஏறும்போது இரண்டு மூன்று மாற்றுவது சுகமாக இருக்கிறது.

மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்கினால் மட்டும் இன்னும் சத்தம் இருக்கிறது. முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. மெதுவாகப் போட்டால் சத்தமே இல்லை.

பார்வதிபுரம் லூப்

மணம் கந்தகச் சேர்மானத்துடையது. கியர் ஆயில் எல்லாமே கொஞ்சம் நாறும், ஜிஎல்-5 கூடுதலாக நாறும். அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, ஆனால் மற்ற அறிகுறிகளோடு பொருந்துகிறது.

ஒரு விஷயம். எவ்வளவு இறக்கினாலும் பழைய ஆயில் மூலை முடுக்கில் தங்கியிருக்கும். அதனால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றுங்கள். தூளும் வெளியே வரும், பழைய சேர்மானமும் போகும். மீதிக் கரகரப்பில் இன்னும் கொஞ்சம் அப்போது குறைய வாய்ப்பு உண்டு.

கோட்டாறு பழைய பட்டறை

மீதி இருப்பது ரிங் தேய்மானம். இரண்டாவது கியர் ரிங்தான் பெரும்பாலான வண்டிகளில் முதலில் போகும், ஜாஸ்தி உழைப்பு அதற்குத்தான். தேய்ந்த வரியை ஆயில் திருப்பி வெட்டித் தராது. ஆனால் இதற்காக இப்போதே பாக்ஸை இறக்க வேண்டாம். கியர் விழுந்து நிற்கிறதா, ஓட்டத்தில் தானாக நியூட்ரலுக்குத் துள்ளுகிறதா, அதைப் பார். துள்ளாத வரைக்கும் ஓட்டலாம்.

அதுவரைக்கும் டபுள் கிளட்ச் பழகு. மூன்றில் போகிறாய், இரண்டு வேண்டும். கிளட்சை அமுக்கி நியூட்ரலுக்கு எடு. கிளட்சை விடு. நியூட்ரலிலேயே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டு. மறுபடி கிளட்சை அமுக்கி இரண்டைப் போடு. அந்தத் தட்டு ஷாஃப்டின் வேகத்தை ஏற்றிக் கொடுத்துவிடும், ரிங்குக்கு வேலையே இருக்காது. பழைய லாரி டிரைவர்கள் எல்லாம் இப்படித்தான் மலை ஏறினார்கள். ஹெரால்டில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது, ஓட்டத்தில் ஒன்றுக்கு இறக்க வேண்டி வந்தாலும் இதே முறைதான். கை பழகிவிட்டால் பேச்சிப்பாறை வளைவிலும் சத்தம் கேட்காது.

எப்போதாவது கிளட்ச் பிளேட் மாற்ற பாக்ஸை எடுக்க வேண்டி வரும். ஹெரால்டில் வண்டிக்குள் நடு மேட்டு மூடியைக் கழற்றி உள்வழியாகவே தூக்கிவிடலாம், அது ஒரு சௌகரியம். அன்றைக்கு ரிங், த்ரஸ்ட் வாஷர், முன்னால் சொன்ன கிராங்க் புஷ் எல்லாவற்றையும் சேர்த்து மாற்று. ரிங்கை இப்போதிருந்தே தேடி வாங்கி வை, அவசரத்துக்குக் கிடைக்காது.

கொளச்சல் அம்பாசடர்

படித்துவிட்டு நானும் என் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், ஜிஎல்-5 மட்டும்தான் போட்டிருக்கிறது. அடுத்த தடவை கியர் பாக்ஸுக்குத் தனி டப்பா வாங்குகிறேன். தம்பி, உங்களிடம் மிஞ்சியது எவ்வளவு?

தக்கலை ஹெரால்டு

ஒரு டம்ளர் அளவுக்கு இருக்கும் அண்ணாச்சி, அதை லெவல் குறைந்தால் விட வைத்திருக்கிறேன். கடை பெயரைத் தனியாக அனுப்புகிறேன். அப்புறம் ஒரு கடைசிக் கேள்வி: டிஃபரன்ஷியலை இன்னும் திறக்கவில்லை. அதிலும் அவர்கள் 140 ஊற்றியிருந்தால் மாற்ற வேண்டுமா?

பார்வதிபுரம் லூப்

அங்கே 140 இருந்தால் ஆபத்து ஒன்றும் இல்லை, நம் வெயிலுக்குப் பொறுத்துக்கொள்ளும். சிங்க்ரோ ரிங் அங்கே கிடையாது. லெவல் குறைந்திருக்கிறதா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மட்டும் இப்போது பாருங்கள். மாற்றும்போது ஜிஎல்-5 90 வாங்குங்கள், 0.57 லிட்டர் பிடிக்கும். இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைப்பதானால் மூடி மேல் பெயின்டில் 'கியர்', 'கிரவுன்' (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) என்று எழுதிவிடுங்கள்.